கருந்துளைக்குள் எதுவும் எளிதில் விழுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், பால்வெளி மண்டலத்தின் நடுவில் உள்ள பெருங்கருந்துளையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய ஒரு பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு என் நன்றி. ஆயினும் அந்தக் கட்டுரையின் தலைப்பும், உடன் வந்த படமும், இடையிடையே வந்த சில வாக்கியங்களும், கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் ஓயாமல் வாரி விழுங்கிக்கொண்டிருக்கிறது என்றும், காலப்போக்கில் நம் சூரியனும் அதற்குள் போய்ச் சேரும் என்றும் படிப்பவர் நம்பும்படி அமைந்துவிட்டன. நீண்ட காலம் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். இந்தத் தவறான எண்ணம் ஒருமுறை மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால் அதை அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்திருப்பதாலேயே சற்று நீளமான இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கருந்துளைக்குள் ஒரு பொருளை விழவைப்பது இயற்கைக்கே பெரும்பாடு. அந்தப் பாடு எப்படித் தீர்கிறது என்பதில்தான் விண்மீன் மண்டலங்களின் மையங்களில் இவ்வளவு நிறை சேர்ந்ததன் வரலாறே அடங்கியிருக்கிறது.

முதலில் சூரியனைப் பற்றிய அச்சத்தைப் பார்ப்போம். நம்மிடமிருந்து ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கருந்துளையின் நிறை சுமார் 43 லட்சம் சூரியன்கள். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் சூரியனின் சுற்றுப்பாதைக்கு உட்பட்ட பால்வெளிப் பகுதியின் மொத்த நிறை ஏறத்தாழ 10,000 கோடி சூரியன்கள். அதில் கருந்துளையின் பங்கு இருபதாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. சூரியன் மையத்தைச் சுற்றி வருவது அந்த மொத்த நிறையின் ஈர்ப்பினால் ஆகும். கருந்துளை மட்டும் அங்கே இல்லாமல் போனாலும் சூரியனின் பாதையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நேராது.

சரி, வெகு அருகில் இருப்பவற்றின் கதி என்ன? அதற்கும் கண்கூடான சான்று இருக்கிறது. சூரியனைவிடப் பத்து மடங்குக்கும் மேலான நிறை கொண்ட எஸ் 2 என்னும் விண்மீன் இந்தக் கருந்துளையை ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீள்வட்டப் பாதையில் சுற்றி வருகிறது. ராய்ன்ஹார்ட் கென்சலின் குழு சிலி நாட்டுத் தொலைநோக்கிகளாலும், ஆண்ட்ரியா கேஸின் குழு ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கிகளாலும் அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தன. 2020-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவ்விருவருக்கும் கிடைத்தது அந்த உழைப்பிற்காகத்தான். 2018 மே மாதத்தில் எஸ் 2 கருந்துளைக்கு மிக அருகில் வந்தபோது இடைவெளி சுமார் 1,800 கோடி கிலோமீட்டர். வேகம் விநாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் வளைந்து திரும்பி, வந்த வழியே அது வெளியேறியது. 2002-லும் அவ்வாறே செய்தது, 2034-லும் செய்யும். கருந்துளையின் நிகழ்வெல்லையின், அதாவது தாண்டி உள்ளே போனால் ஒளியும் திரும்ப முடியாத எல்லையின், ஆரம் ஒன்றேகால் கோடி கிலோமீட்டர் அளவுதான், அதாவது புதன் கோளின் பாதைக்குள் தாராளமாக அடங்கிவிடும். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் ஈர்ப்பினால் சிதைய வேண்டுமானால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவை விடவும் நெருக்கமாகச் செல்ல வேண்டும். அப்படிச் சிதைந்த விண்மீன்களை வேறு மண்டலங்களில் வானியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கும்கூட சிதறிய பொருளில் ஏறக்குறைய பாதி வெளியே வீசப்பட்டுவிடுகிறது.

இதற்கெல்லாம் காரணம் பதினோராம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த ஓர் அளவுதான்: கோண உந்தம். ஒரு பொருளின் நிறை, பக்கவாட்டு வேகம், மையத்திலிருந்து உள்ள தொலைவு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது அது. மையத்தை நோக்கியே இழுக்கும் ஈர்ப்பு, எவ்வளவு வலியதாயினும், திருப்பு விசையைத் தருவதில்லை. ஆகவே அது ஒரு பொருளின் கோண உந்தத்தைக் குறைக்க முடியாது. வாயு மேகம் ஒன்று சிறிதளவு பக்கவாட்டு வேகத்துடன் மையத்தை நோக்கி வந்தாலும், நெருங்க நெருங்க அதன் சுழற்சி வேகம் கூடி, ஒரு கட்டத்திற்குமேல் உள்ளே போக மறுத்து வட்டமடிக்கத் தொடங்கிவிடும். நம் மண்டலத்தின் மையத்திலிருந்து 300 ஒளியாண்டு தொலைவில் விநாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் வாயுவை எடுத்துக்கொண்டால், அது கருந்துளைக்குள் விழுவதற்கு முன் தன் கோண உந்தத்தில் பத்தாயிரத்தில் 9,999 பங்குக்கும் மேல் இழந்தாக வேண்டும். யாரிடமாவது அதை ஒப்படைக்காமல் இழக்கவும் முடியாது. இயற்கையின் அழியா விதி அது. விண்மீன் மண்டலங்களின் நடுவே விண்மீன்கள் நீண்ட பட்டைபோல் திரண்டிருக்கும் அமைப்புகளும், மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதுவதும் வாயுவைச் சில நூறு ஒளியாண்டு தொலைவுவரை கொண்டுவந்து சேர்க்கக்கூடும். அதற்குப் பின் எஞ்சிய தொலைவே கடினமானது.

அந்த இடத்தில்தான் திரள் வட்டு உருவாகிறது. பல திசைகளில் சுற்றும் வாயு மேகங்கள் மோதும்போது மேலும் கீழுமான அசைவுகள் வெப்பமாகிக் கரைந்துபோக, ஒரே தளத்தில் சுற்றும் அசைவு மட்டும் நிலைக்கிறது. அப்படியொரு வட்டு வெறும் கற்பனை அல்ல என்பதை 1995-இல் ஜப்பானிய, அமெரிக்க வானியலாளர்கள் காட்டினார்கள். சுமார் இரண்டரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 4258 என்னும் மண்டலத்தின் மையத்தில், நீராவி மூலக்கூறுகள் வெளியிடும் கூர்மையான நுண்ணலைகளை, பல இடங்களில் நிறுவிய ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்து அவர்கள் அளந்தார்கள். மையத்திலிருந்து அரை ஒளியாண்டு முதல் ஓர் ஒளியாண்டுக்குள், விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், சற்றே வளைந்த மெல்லிய வட்டு ஒன்று சுழல்வது தெளிவாகத் தெரிந்தது. உள்ளே வேகம் அதிகம், வெளியே குறைவு. அந்தக் குறைவும் சூரியனைச் சுற்றும் கோள்களுக்கு கெப்ளர் வகுத்த விதியை அப்படியே பின்பற்றியது. நடுவில் ஏறத்தாழ 4 கோடி சூரியன்களின் நிறை ஒரு சிறிய இடத்தில் குவிந்திருக்கிறது என்று அந்த வேகங்களிலிருந்தே கணக்கிட முடிந்தது. என் அறிவுக்கு எட்டியவரை, வானியலில் இதைவிடத் தூய்மையான அளவீடுகள் அரிது.

ஆனால் கெப்ளர் விதிப்படி சுழலும் வட்டு அப்படியே சுழன்றுகொண்டிருக்கும், உள்ளே விழாது. பக்கத்துப் பக்கத்து வளையங்களுக்கு இடையே உராய்வு இருந்தால்தான் உள்வளையம் தன் கோண உந்தத்தை வெளிவளையத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்க முடியும். சாதாரண வாயுவின் பாகுநிலையை மட்டும் நம்பியிருந்தால், பேரண்டத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் அது நடந்திருக்காது. 1973-இல் சோவியத் வானியற்பியலாளர்கள் நிக்கோலாய் ஷகூரா, ரஷீத் சுன்யாயெவ் ஆகிய இருவரும், உராய்வின் காரணத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, அதன் வலிமையை ஆல்பா என்னும் ஒற்றை எண்ணில் அடக்கி, வட்டின் வெப்பநிலை, தடிமன், ஒளி ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. உராய்வின் காரணம் மட்டும் இன்னும் பதினெட்டு ஆண்டுகள் பிடிபடாமலே இருந்தது.

காரணம் காந்தப்புலம். 1991-இல் ஸ்டீவன் பால்பஸ், ஜான் ஹாலி ஆகியோர் அதை நிறுவினார்கள். மின்கடத்தும் வாயுவில் காந்தப் புலக்கோடுகள், அடுத்தடுத்த இரண்டு வாயுத் துணுக்குகளை ஒரு ரப்பர் நாடாவைப்போல் பிணைத்துவைக்கின்றன. உள்ளே இருக்கும் துணுக்கு வேகமாக முந்திச் செல்லும்போது நாடா இழுபட்டு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. அது கோண உந்தத்தை இழந்து இன்னும் உள்ளே இறங்குகிறது. வெளியே இருப்பது முன்னுக்கு இழுக்கப்பட்டு, கோண உந்தம் பெற்று, இன்னும் வெளியே நகர்கிறது. இடைவெளி கூடக் கூட இழுவிசையும் கூடுகிறது. சில சுற்றுகளுக்குள்ளேயே வட்டு முழுவதும் கொந்தளிக்கத் தொடங்கிவிடுகிறது. மிகச் சிறிய காந்தப்புலமே இதற்குப் போதும். இந்த நிலையின்மையின் கணிதம் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது: 1959-இல் சோவியத் ஒன்றியத்தில் வெலிகோவும், 1960-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரும், இரண்டு உருளைகளுக்கு இடையே சுழலும் மின்கடத்தும் திரவத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டறிந்தார்கள். கருந்துளைகளைச் சுற்றியுள்ள வட்டுகளுக்கு அது பொருந்தும் என்பது அப்போது எவருக்கும் தோன்றியிருக்க வழியில்லை, அத்தகைய வட்டுகளைப் பற்றிய பேச்சே அன்று இல்லை. சந்திரசேகர் என்றால் வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பு ஒன்றைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உள்ளே இறங்கும் வாயு வெப்பமடைந்து ஒளிர்கிறது. ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் நிறையின் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாக மாறுகிறது. சூரியன் அதைக்கொண்டுதான் எரிகிறது. திரள் வட்டிலோ, சுழலாத கருந்துளையாக இருந்தால் 5.7 விழுக்காடு, மிக வேகமாகச் சுழலும் கருந்துளையாக இருந்தால் 42 விழுக்காடு வரையிலும் நிறை ஆற்றலாக மாறக்கூடும். பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு சூரியன் அளவு வாயு உள்ளே போனாலே ஒன்றரை லட்சம் கோடி சூரியன்களின் ஒளி வெளிவரும். பால்வெளியின் அத்தனை விண்மீன்களும் சேர்ந்து தரும் ஒளியைவிட இது பன்மடங்கு அதிகம். ஒளியே தப்ப முடியாத பொருளைச் சுற்றித்தான் பேரண்டத்தின் மிகப் பிரகாசமான விளக்குகள் எரிகின்றன. தங்கள் கட்டுரையில் இந்தச் செய்தி ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை என்பதே என் முதன்மையான குறை.

அந்த விளக்குகள்தான் குவாசர்கள். 3சி 273 என்னும் ரேடியோ மூலத்தை, நிலவு அதை மறைத்து விலகும் கணங்களைக் குறித்துக்கொண்டு, 1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் துல்லியமாக இடங்கண்டார்கள். அடுத்த ஆண்டு மார்ட்டன் ஷ்மிட், பாலோமர் மலைத் தொலைநோக்கியில் எடுத்த அதன் நிறமாலையில், ஹைட்ரஜனின் பழக்கமான கோடுகளே 16 விழுக்காடு அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டுகொண்டார். பேரண்டம் விரிவதால், தொலைவு கூடக் கூட இந்த நகர்வும் கூடும். சாதாரண விண்மீன்போலத் தெரிந்த அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்பது அதன் பொருள். நிலவு மறைக்கும் இதே முறையைப் பயன்படுத்துவதற்காகத்தான் கோவிந்த் ஸ்வரூப் உதகை அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவிலேயே அமைத்தார். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான சரிவு கொண்ட மலையைத் தேர்ந்தெடுத்ததால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. 1970 முதல் நூற்றுக்கணக்கான தொலைதூர ரேடியோ மூலங்களின் கோண அளவுகள் அங்கே அளக்கப்பட்டன. உதகைக்குச் சுற்றுலா செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

குவாசர்கள் இன்று நம் அருகில் இல்லை. அவை அணைந்துபோயிருந்தால் அவற்றின் மிச்சம் எங்கே? அண்டை மண்டலங்களின் மையங்களிலேயே கருந்துளைகளாக இருக்க வேண்டும் என்று 1969-இல் டொனால்ட் லிண்டன்-பெல் எழுதினார். நம் மண்டலத்தின் மையத்தில் ஒரு செறிவான ரேடியோ மூலம் 1974-இல் கண்டறியப்பட்டது. 1982-இல் போலந்து வானியலாளர் சொல்தான் இதைக் கணக்காக மாற்றினார். வானத்தில் உள்ள எல்லாக் குவாசர்களும் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஒளியைக் கூட்டினால், அந்த ஒளியைத் தருவதற்கு எவ்வளவு நிறை உள்ளே விழுந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பின்னாளில் அண்டை மண்டலங்களின் கருந்துளைகளை எடைபோட்டுக் கூட்டியபோது, பத்து விழுக்காடு அளவிலான ஆற்றல் மாற்றத்தை ஏற்றுக்கொண்டால் இரண்டு தொகைகளும் ஏறத்தாழ ஒத்துப்போயின. பெருங்கருந்துளைகள் தம் நிறையின் பெரும்பகுதியை ஒளிரும் வட்டுகள் வழியாகவே சேர்த்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வரவுக் கணக்கும் இருப்புக் கணக்கும் தனித்தனியே எழுதப்பட்டு, பிறகு ஒத்துப்போன அரிய இடம் இது.

தீராத வழக்கு ஒன்றும் உண்டு. வட்டின் ஒளி மிகுந்தால் அந்த ஒளியின் அழுத்தமே வரும் வாயுவை வெளியே தள்ளத் தொடங்கும். எடிங்டன் வரம்பு என்று இதைச் சொல்வார்கள். அந்த வரம்பிலேயே இடைவிடாமல் வளர்ந்தாலும் ஒரு கருந்துளையின் நிறை இரட்டிப்பாக மூன்றரைக் கோடி ஆண்டுகள் ஆகும். 100 சூரியன்களின் நிறையிலிருந்து 100 கோடியை எட்ட 23 இரட்டிப்புகள், அதாவது ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் தேவை. ஆனால் பெருவெடிப்புக்குப் பின் சுமார் 67 கோடி ஆண்டுகளிலேயே 160 கோடி சூரியன்களின் நிறையை எட்டிவிட்ட குவாசர் ஒன்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. கோயம்புத்தூரில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன், தொடக்கத்தில் பெரும் வாயுத் தொகுதி விண்மீன்களாக உடையாமல் நேரடியாகவே சரிந்து, பதினாயிரம் முதல் லட்சம் சூரியன் அளவிலான கருந்துளைகளாகி இருக்கலாம் என்று 2006 முதல் கணக்கிட்டு வந்தார். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும், சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியும் சேர்ந்து, பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டுகளில் இருந்த யுஎச்இசட் 1 என்னும் மண்டலத்தில், அதன் விண்மீன்கள் அனைத்தின் நிறைக்கும் ஈடாகத் தோன்றும் ஒரு கருந்துளையைக் காட்டின. அது அவருடைய கணிப்புடன் பொருந்துகிறது. எக்ஸ்-கதிரைக் கண்ட அந்தத் தொலைநோக்கி சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

இவ்வளவும் சொன்னபின், நம் மையம் ஏன் இருண்டிருக்கிறது என்ற கேள்வி எஞ்சும். 43 லட்சம் சூரியன்களின் நிறை இருந்தும் அதைச் சுற்றியுள்ள வாயு சில நூறு சூரியன்களின் ஒளியைத்தான் தருகிறது. அங்கே போய்ச்சேரும் வாயு மிகக் குறைவு. அருகில் உள்ள பெரிய விண்மீன்கள் வெளியே வீசும் வாயுவிலிருந்து கிடைப்பதே அதற்கு முக்கிய வரவு. அந்தச் சொற்ப வாயுவும் மெல்லிய வட்டாகப் படியாமல், நூறு கோடி டிகிரிகளுக்கு மேல் கொதித்து உப்பி, தன் வெப்பத்தை ஒளியாக வெளியிட நேரமின்றி, அதையும் சுமந்துகொண்டே உள்ளே போகிறது. இப்படியொரு பாய்வு இருக்க முடியும் என்பதை 1994-இல் இன்சு யீயுடன் சேர்ந்து விளக்கி, அடுத்த ஆண்டே நம் மண்டலத்தின் மையத்திற்குப் பொருத்திக் காட்டியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற ரமேஷ் நாராயண். 2019 ஏப்ரலில் வெளியான எம் 87 என்னும் வேறொரு விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்திலும், 2022 மே மாதம் வெளியான நம் மையத்தின் படத்திலும் தெரியும் வளையம் இத்தகைய சூடான வாயுவின் ஒளிதான். அதன் ஆரஞ்சு நிறம் நாம் பார்ப்பதற்காகச் சேர்க்கப்பட்டது, பதிவானது 1.3 மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ ஒளி.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள்கள் இவைதான். கருந்துளையைப் பற்றி அடுத்து எழுதும்போது அதன் நிறையையும் தொலைவையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். திரள் வட்டுக்கு அரைப் பத்தியாவது ஒதுக்குங்கள். ஓவியர் வரைந்த படமானால் அது ஓவியம் என்று அடியில் குறிப்பிடுங்கள். சென்ற வாரப் படத்தில் அந்தக் குறிப்பு இல்லாததால், அதைத் தொலைநோக்கியில் எடுத்த புகைப்படம் என்றே எங்கள் தெருப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டார்கள். இயலுமானால், எங்கள் ஊருக்கு மேலே காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திலோ, முத்தோரையிலோ பணிபுரியும் ஆய்வாளர் ஒருவரிடம் கேட்டு, பால்வெளியின் மையம் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் தனுசு ராசி தென்வானில் நன்கு மேலே வந்திருக்கும். அந்த வாரங்களில் கட்டுரை வெளிவந்து, மையம் இருக்கும் திசையைக் காட்டும் சிறு வரைபடமும் உடன் இருந்தால், கோடை விடுமுறையில் உள்ள மாணவர்கள் மொட்டை மாடியிலிருந்தே அத்திசையை அடையாளம் காண முடியும். வரைபடம் தயாரிக்க உதவி தேவைப்பட்டால் நானே வரைந்து அனுப்பவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.